பழைய பிக்கப் வண்டியின் லோடு பாடியில் தகடு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி ரோட்டில் வரும் பழைய பிக்கப் ஒன்றின் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருக்கும். முன் கண்ணாடியில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். லோடு பாடி மட்டும் கீழ் விளிம்பு முழுக்க அரித்துப்போய், பின் கதவு கயிற்றில் தொங்கிக்கொண்டு வரும். இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, விற்றுவிடுவதா, பாடியையே புதிதாகக் கட்டுவதா, கெட்ட தகடுகளை மட்டும் மாற்றுவதா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி 2008 மாடல். அதன் பாடியில் இரண்டு தடவை தகடு மாற்றியிருக்கிறோம். முதல் தடவை ஒரு பட்டறையில் விட்டோம். பார்க்க அழகாகத்தான் திரும்பி வந்தது. ஒன்றரை வருடத்தில் அதே இடத்தில், அதே கீழ் விளிம்பில், புதுத்தகடும் அரித்துவிட்டது. இரண்டாவது தடவை நானும் மாமாவும், பக்கத்து ஊர் வெல்டர் அண்ணாச்சியும் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே செய்தோம். அதற்குப் பிறகு ஐந்து மழைக்காலம் போய்விட்டது, பாடி நிற்கிறது. இரண்டு தடவையும் தகட்டின் கனம் ஒன்றுதான். இரண்டாவது தடவை தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்த்து, அதற்கு வழி விட்ட பிறகுதான் தகட்டைத் தொட்டோம்.

எந்த லோடு எங்கே அரிக்கும்

வேலையை ஆரம்பிக்கும் முன் உங்கள் வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்று யோசியுங்கள். நம் பக்கத்து லோடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைத் தாக்கும்.

வாழைத்தார் ஏற்றும் வண்டியில் சருகும் நாரும்தான் முதல் எதிரி. தாருக்கு அடியில் மெத்தை மாதிரிப் போடும் சருகு, தளத்தின் மூலைகளில் போய் அடைந்துகொள்ளும். தண்ணீர் வடியும் துளை அடைபட்டால் அந்த மூலை நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். உவரி, கூட்டப்புளி பக்கம் மீன் ஏற்றுகிற வண்டிக்கு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர். அது தளத்தில் நிற்காது, தளத்துக்கும் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். தூத்துக்குடி உப்பு ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உர மூட்டையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதில் இருக்கும் குளோரைடு கடல் உப்பில் இருப்பதேதான். ஒரு மூட்டை கிழிந்து கொட்டி, கூட்டாமல் விட்டு, அடுத்த மழையில் கரைந்தால் இரும்புக்கு அது கடல் தண்ணீர் மாதிரிதான். செங்கல், கருங்கல் ஏற்றும் வண்டியில் துருவை விட அடிதான் அதிகம். தகடு நெளிந்து, பெயிண்ட் உதிர்ந்து, அங்கிருந்து துரு தொடங்கும்.

இது தெரிந்தால் எந்த இடத்தில் கனமான தகடு வேண்டும், எங்கே துளை வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதல் வேலை: தட்டிப் பார்ப்பது

பாடியை நன்றாகக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காய விடுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், ஒரு சாக்கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பு முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த தகடு பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வட்டம் போடுங்கள். பெயிண்ட் கொப்பளித்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே காசு அளவு தெரியும் கொப்புளத்துக்கு அடியில் உள்ளங்கை அளவு அரிப்பு இருப்பது சாதாரணம்.

பிறகு வண்டிக்கு அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அடியில் பார்க்க வேண்டியது மூன்று: தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், பாடியைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடிக்கும் போல்ட்டுகளும் யு கிளாம்ப்புகளும், அவற்றுக்கு நடுவே இருக்கும் ரப்பர் அல்லது மரப் பேக்கிங். மரப் பேக்கிங் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைத் தொட்டிருக்கும் சட்டத்தைக் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

முடிவெடுக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது. பக்கத் தகடு, பின் கதவு, தளத்தில் ஒரு பகுதி, இவை மட்டும் கெட்டிருந்தால் தகடு மாற்றினால் போதும். குறுக்குச் சட்டத்தில் ஒன்றிரண்டு கெட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் பாடியை முழுதாகத் தூக்கிக் கழற்றாமல் எதுவும் செய்யாதீர்கள். சேசிஸ் சட்டத்திலேயே அரிப்போ விரிசலோ தெரிந்தால் பாடி வேலையை நிறுத்திவிட்டு, முதலில் சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதில் நீங்களாக வெல்டிங் வைக்க வேண்டாம்.

ஆர்.சி.யும் எஃப்.சி.யும்

இருந்த அளவிலேயே, இருந்த மாதிரியே தகட்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. பக்கத்தை ஒரு அடி உயர்த்துவது, பாடியை நீளமாக்குவது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிந்திருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. வைக்கோல் ஏற்ற வசதியாக இருக்கும் என்று பக்கத்தை உயர்த்திக் கட்டிவிட்டு எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுப் பரிசோதனையில்) மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆகவே பழைய நிறத்திலேயே அடித்துவிடுங்கள்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. உண்டு. எஃப்.சி.க்கு எப்படியும் பெயிண்ட், விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பார்க்க வேண்டும் என்பதால், தகடு வேலையை அதற்கு ஒரு மாதம் முன்னால் வைத்துக்கொண்டால் ஒரே செலவில் முடியும்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியில் வைத்துப் பெயிண்ட் வேலை செய்ய முடியாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் இருக்கும். பணகுடி, ராதாபுரம் பக்கம் அதே மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மண்ணை வாரி ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடும். பிசான (மார்கழி, தை வரை வயலில் நிற்கும் நெல்) அறுவடை லோடு ஓய்ந்த பிறகு, பங்குனியில் நாங்கள் செய்தோம். வெயில் ஏறினால் தகடு கை வைக்க முடியாதபடி சுடும். ஆகவே பெயிண்டைக் காலை பத்து மணிக்குள் அடித்து முடித்துவிட்டோம்.

பிரிக்கும் முன் அளவெடுங்கள்

இந்த வேலையில் யாரும் தவிர்க்கவே கூடாத படி இது ஒன்றுதான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின் கதவுப் பக்கம் போனபோது, வெல்டர் அண்ணாச்சி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “ஏல, போல்ட்டுல கைய வைக்காத. முதல்ல மூலைக்கு மூலை டேப்பைப் பிடி.”

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். பாடியின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாடி சதுரத்தில் நிற்கிறது. எட்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள தளம் நீளவாக்கில் பத்து மில்லிமீட்டர் சாய்ந்தால், இரண்டு மூலைவிட்டங்களுக்கும் சுமார் பதினேழு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு டேப்பில் தெரிந்துவிடும். மேல் விளிம்பிலும் இதே இரண்டு அளவுகளை எடுங்கள்.

கூடவே கீலின் நடுவிலிருந்து அடுத்த கீலின் நடுவுக்கு உள்ள தூரம், கதவுக்கும் மூலைத் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி (மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு), சங்கிலியின் நீளம், விளக்கு வயர் போகும் வழி. எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் விட்ட பட்டறையில் அளவெடுக்காமல் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டார்கள். மூலைத் தூண் தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அப்புறம் அந்தப் பாடியில் பின் கதவு ஒரு நாளும் கையால் தள்ளி மூடவில்லை, காலால் உதைத்துத்தான் மூடினோம்.

எந்தத் தகடு வாங்குவது

மூன்று வழி இருக்கிறது. கம்பெனிப் பேனல் கிடைத்தால் அளவுக் கவலை இல்லை. பழைய மாடல்களுக்கு எல்லாப் பேனலும் கிடைப்பதில்லை. இரண்டாவது, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பேனல். சென்னைப் புதுப்பேட்டை வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை வாங்கும்போது கீழ் மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி மறைத்த இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது. தரையில் படுக்கப் போட்டு நான்கு மூலையும் தரையைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முறுகிய பேனலைக் கொண்டுவந்து நிமிர்த்துவது வீண் வேலை.

மூன்றாவது, புதுத்தகடு வாங்கி, பெண்டிங் மெஷின் உள்ள பட்டறையில் மடித்து வாங்குவது. நாங்கள் செய்தது இதுதான். பழைய தகட்டில் நல்ல இடம் ஒன்றில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அதன் கனத்தை அளந்து, அதே கனம் வாங்குங்கள். 18 கேஜ் என்பது ஏறக்குறைய 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. பக்கத் தகட்டுக்கு 16 கேஜ் நன்றாக நிற்கும். தளத்துக்குச் செங்கல், கல் ஏற்றுகிறவர்கள் 3 மி.மீ. செக்கர் பிளேட் (மேலே வழுக்காத மேடுகள் உள்ள தகடு) போடுகிறார்கள்.

“கனமாகப் போட்டால் நல்லதுதானே” என்று மாமா கேட்டார். எடையைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. எட்டுக்கு ஐந்தடித் தளம் சுமார் 3.7 சதுர மீட்டர். 2 மி.மீ. போட்டால் 58 கிலோ, 3 மி.மீ. போட்டால் 87 கிலோ. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மாறாது என்பதால், தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் லோடில் குறையும். தகடு கிலோ விலையில்தான் விற்கிறது. ஆகவே இதே கணக்கை வைத்துக் கடைக்குப் போகும் முன்பே செலவையும் போட்டுவிடலாம். எட்டுக்கு நான்கு 16 கேஜ் ஷீட் ஒன்று ஏறக்குறைய 37 கிலோ வரும்.

அலுமினியத் தளம் கேட்கிறவர்களும் உண்டு. இலேசானது, துருப்பிடிக்காது. ஆனால் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டு, நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் தொடுகிற இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே ரப்பர் ஷீட் போடாமல் அதைச் செய்ய வேண்டாம். மீன் லோடு வண்டிக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

கழற்றுவது

முதல் நாள் மாலையே எல்லாப் போல்ட்டுக்கும் டபிள்யூ.டி. 40 (துருப்பிடித்த போல்ட்டை இளக்கும் ஸ்பிரே) அடித்துவிடுங்கள். இல்லையென்றால் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றலாம். இரவு முழுக்க ஊறட்டும். மறுநாளும் அசையாத நட்டை உளியால் பிளப்பதோ கிரைண்டரில் அறுப்பதோ நல்லது. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இழுத்தால் போல்ட் உடைந்து, துளையும் கெடும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு வயர்களைக் கழற்றிப் பெயர் எழுதிக் கட்டுங்கள். டீசல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் எங்கே போகின்றன என்று பார்த்து, தீப்பொறி விழும் இடத்தில் ஈரச் சாக்கையோ தகரத்தையோ மறைப்பாக வையுங்கள். டேங்க் பக்கத்தில் வெல்டிங் வருமானால் டேங்கையே கழற்றிவிடுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது. பழைய பெயிண்ட் தூசியை மூக்கில் ஏற்றவும் கூடாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கமும் திறக்கும் பாடி என்றால் கீல் ஊசியைத் தட்டி எடுத்தால் கதவு கையில் வந்துவிடும். இரண்டு பேர் பிடியுங்கள், ஒருவர் மட்டும் தாங்க முடியாது. பக்கங்கள் தளத்தோடு ஒட்டிய பாடி என்றால் அறுப்பதற்கு முன் ஒரு ஆங்கிளை இடது மூலைத் தூணிலிருந்து வலது மூலைத் தூணுக்குக் குறுக்கே வைத்து டேக் (தற்காலிகப் பிடிப்புக்கான சின்ன வெல்டிங் புள்ளி) அடியுங்கள். தூண்கள் நகராமல் அது பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள்.

ஸ்பாட் வெல்டிங் உள்ள இடத்தில் கிரைண்டரால் இழுத்து அறுத்தால் அடித்தகடும் போய்விடும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் சின்ன வட்டக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் பஞ்ச் வைத்து, 8 மி.மீ. டிரில்லால் மேல் தகட்டை மட்டும் துளையுங்கள். அப்புறம் மெல்லிய உளியை நடுவே விட்டுத் தட்டினால் பிரிந்து வரும். நேரம் எடுக்கும். எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முழு முற்பகல் ஆயிற்று.

தகட்டுக்கு அடியில்

பழைய தகட்டை எடுத்ததும் அடியில் தெரிவதுதான் உங்கள் வண்டியின் உண்மையான நிலை. எங்கள் வண்டியில் தளத்தின் விளிம்பும் பக்கத் தகட்டின் கீழ் மடிப்பும் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி இருந்தது. அதில் சருகும் மண்ணும் உரத்தூளும் இறுகிக் கிடந்தன. மழை பெய்து மூன்று வாரம் ஆகியும் அந்த மண் ஈரமாகவே இருந்தது. முதல் தடவை வேலை செய்தவர்கள் அந்த மண்ணை எடுக்காமலே மேலே புதுத்தகட்டை வைத்து மூடியிருந்தார்கள்.

முதலில் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். கிரைண்டரில் கம்பி வீல் போட்டு, இரும்பு வெளுக்கும் வரை தேயுங்கள். இரண்டு தகடு சேரும் இடுக்கில் கருப்பாகத் தடித்துக் கிடக்கும் துருவை விட்டுவைக்காதீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உள்ளேயிருந்து தள்ளித் தகட்டைப் பிரித்துவிடும். குழிகளில் பிரஷ் போகாத இடத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு, கழுவச் சொல்லியிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். தடித்த துருவின் மேல் பூசினால் எந்தக் கன்வர்ட்டரும் வேலை செய்யாது.

குறுக்குச் சட்டம் கெட்டிருந்தால் ஒன்றை எடுத்து, புதியதைப் பொருத்தி, அடுத்ததை எடுக்க வேண்டும். சி சேனலை வைக்கும்போது அதன் திறந்த பக்கம் மேலே பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் பார்க்கட்டும். மேலே பார்த்தால் அது தொட்டிதான்.

அடுத்தது துளைகள். தளத்தின் நான்கு மூலையிலும், சட்டங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு அறையின் தாழ்வான இடத்திலும் 12 மி.மீ. துளை போட்டோம். பென்சில் கனத்துக்குப் போட்டால் ஒரு வாழை நார் போதும், அடைத்துவிடும். துளையின் கீழே சேசிஸோ, வயரோ, பிரேக் குழாயோ வராதபடி இடம் பாருங்கள். துளை விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டு, அங்கே பிரைமரை இரண்டு தடவை தொட்டு வையுங்கள். துரு முதலில் கூர்மையான விளிம்பில்தான் பிடிக்கும், ஏனென்றால் அங்கே பெயிண்ட் மெல்லியதாக ஓடிவிடும்.

மரப் பேக்கிங் இருந்த இடத்தில் பழைய டயரை வெட்டிய ரப்பர் வைத்தோம். கனம் பழைய பேக்கிங்கின் கனமேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடி ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

ஒத்துப் பார்ப்பது

பெயிண்ட் அடிப்பதற்கு முன், வெல்டிங் வைப்பதற்கு முன், புதுத்தகட்டை இடத்தில் நிறுத்திக் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். மூலமட்டம் வைத்துத் தூணும் தகடும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மூலைவிட்டம் இரண்டையும் மறுபடி அளந்து, அட்டையில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பின் கதவைத் தூக்கி மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றி நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நல்லது. லோடு ஏறும்போது பாடி கொஞ்சம் முறுகும். இறுக்கமாக வைத்த கதவு லோடோடு மேட்டுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில், ஓடு வேய்கிற முறைதான். மேல் தகட்டின் விளிம்பு, கீழ்த் தகட்டுக்கு வெளியே வர வேண்டும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு மழையிலும் அந்த இடுக்கு தண்ணீர் குடிக்கும். எங்கள் பாடியின் முதல் தடவை வேலை கெட்டதற்கு, மண்ணுக்கு அடுத்த காரணம் இதுதான்.

வெல்டிங்

மிக் மெஷின் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் வெல்டிங் மெஷின்) இருந்தால் 0.8 மி.மீ. கம்பியில் மெல்லிய தகட்டுக்கு மிக நன்றாக வரும். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் ஆர்க் மெஷின்தான். அதிலும் செய்யலாம். 2 மி.மீ. 6013 ராடு, 40 முதல் 60 ஆம்பியர். கழித்துப்போட்ட துண்டு ஒன்றில் முதலில் வைத்துப் பார்த்து, ஓட்டை விழாத அளவுக்கு மெஷினைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் தகட்டிலேயே, பக்கத்தில் மாட்டுங்கள். ஸ்பிரிங் பட்டையிலோ சக்கரத்திலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

ஒரு மீட்டர் இரும்பு நூறு டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக வைத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். முதலில் இரண்டு முனையிலும் டேக், பிறகு நடுவில் ஒன்று, பிறகு அவற்றின் நடுவில் என்று போக வேண்டும். முழு வெல்டிங்கும் இப்படித்தான். இரண்டு சென்டிமீட்டர் இங்கே, அடுத்த இரண்டு சென்டிமீட்டர் அந்தக் கோடியில். கை வைக்கும் அளவு ஆறிய பிறகே பக்கத்தில் வையுங்கள். ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் புதுத்தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்பினால் பழைய பிடி கிடைக்கும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு போடுகிறவர்கள் வெல்டிங் வைக்கும் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே, 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள், பால் அந்தப் புகையைத் தடுக்காது. திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வையுங்கள்.

சீலர், பிரைமர், பெயிண்ட்

வெல்டிங் கசடைத் தட்டி, மேடு மட்டும் தேய்த்துவிட்டு, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரிப் பனி விழுந்தால் வெறும் இரும்பு காலையில் மஞ்சளாகியிருக்கும். ரெட் ஆக்சைடு போதும். எபாக்சி பிரைமர் அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தகட்டின் உள்பக்கம், மடிப்பின் உள்பக்கம் எல்லாம் பொருத்தும் முன்பே அடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்புறம் அங்கே பிரஷ் போகாது.

பிரைமர் காய்ந்ததும் தகடுகள் சேரும் கோடுகள் எல்லாவற்றிலும் பாடி சீலரை விரலால் அழுத்தி இழுங்கள். வடிகால் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். கீழே போகும் துளையை நல்லெண்ணத்தில் சீலர் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு.

பட்டி பார்ப்பதில் லோடு பாடிக்கும் காருக்கும் வித்தியாசம் உண்டு. லோடு பாடி தினமும் அடி வாங்கும். தடிப்பாக வைத்த பட்டி முதல் அடியிலேயே பெயர்ந்து, அதன் அடியில் ஈரம் புகும். வெளிப்பக்கம் மட்டும், மெல்லியதாக வையுங்கள். தளத்தில் வேண்டவே வேண்டாம். 120 உப்புத்தாளில் தொடங்கி, 220, 400 என்று தண்ணீர் போட்டுத் தேய்த்து, முழுதாகக் காய விடுங்கள்.

பெயிண்டில் எனாமல் பிரஷ்ஷாலும் அடிக்கலாம், விலையும் குறைவு. பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அதிக நாள் நிற்கும், ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கான ரசாயன முகமூடி போட்ட பெயிண்டர்தான் அடிக்க வேண்டும், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அல்ல. ஈரக்காற்று வீசும் நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் மேலே பால் படிந்தது போல வெளுக்கும்.

தளத்தின் அடிப்பக்கத்துக்குத் தார் கலந்த அண்டர்பாடி கோட்டிங். பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்கும், மண்ணையும் ஒட்ட வைக்கும். அதை நான் செய்வதில்லை.

திரும்பப் பூட்டுவது

கீல் ஊசிகளுக்குக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பழைய நட்டுகளைத் திரும்பப் போடாமல் நைலாக் நட்டு வாங்கிப் போடுங்கள், குலுங்கினாலும் கழலாது. சங்கிலி இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் திறந்த கதவின் மேல் ஆள் ஏறும்போது முழுப் பாரமும் ஒரு கீலில் விழும். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பேட்டரியை மாட்டி எல்லா விளக்கையும் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

அப்புறம் தளத்தின் நடுவில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நாங்கள் ஊற்றியபோது மூன்று மூலையில் தண்ணீர் போய்விட்டது, முன் இடது மூலையில் மட்டும் ஒரு கை அளவு நின்றது. அங்கே இன்னொரு துளை போட்டு, பிரைமர் தொட்டு வைத்தோம். வெறும் வண்டியை ஒரு மோசமான ரோட்டில் ஓட்டி, எந்தப் பக்கம் தடதடக்கிறது என்று கேளுங்கள். முதல் வாரம் பாதி லோடுதான். ஒரு வாரம் கழித்துச் சேசிஸ் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். புது ரப்பர் அமுங்கியிருக்கும், எங்களுக்கு ஒவ்வொன்றும் கால் சுற்றாவது வாங்கியது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி முதல் பெருமழை பெய்து ஓய்ந்த காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எல்லாத் துளையும் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சொட்டாத துளை எது என்று பார்த்து, ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். எங்கள் வண்டியில் அந்தக் கம்பி டிரைவர் சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கிறது.